வாஸ்து கேட்டில் நின்ற மூங்கில் வண்டி

முருகேஷ் கட்டிங் மாஸ்டர். துணியைத் தொட்டுப் பார்த்தே, துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று சொல்லிவிடுவான். தாய்மாமன் செங்கோட்டையனின் பனியன் கம்பெனியில் அவன் வெட்டிக் கொடுத்த டீஷர்ட் எதுவும் துவைத்ததும் வெளிநாட்டுக்காரன் தொப்புளுக்கு மேல் ஏறிக்கொண்டதாக இதுவரை புகார் வந்ததில்லை. அதே கைதான் மூங்கிலையும் வெட்டியது. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மூங்கில் நடுவில் எப்படி வந்தது என்றால், அந்தோணிராஜால் வந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து, டெய்லராக உட்கார்ந்து, முதுகுவலியால் எழுந்தவர். இப்போது கம்பெனிக்காரர்களை வாரக்கடைசியில் மலைக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் படுக்கவைப்பது தொழில். படுத்தவர்கள் எல்லோரும் முதுகுவலியோடு எழுந்ததால், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, உள்ளே மெத்தை போட்ட ஒரு வண்டி வீடு அவருக்குத் தேவைப்பட்டது. இரும்பில் ஒன்று செய்து பார்த்தார். முதல் கொண்டை ஊசி வளைவில் அவருடைய சின்னக் கார் வண்டியை மேலே இழுக்கவில்லை. வண்டிதான் காரைக் கீழே இழுத்தது.

டீக்கடையில் இந்தச் சோகத்தைக் கேட்ட முருகேஷ், மூங்கிலில் செய்தால் பாதி எடைகூட வராது என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடையில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை.

கத்தியை வைத்துவிட்டு மூங்கில் வீடு கட்டப் போகிறேன் என்று வந்து நின்ற மருமகனிடம் செங்கோட்டையன் கோபப்படவில்லை. அனுப்பர்பாளையத்தில் மூடிக்கிடந்த தன் பழைய நிட்டிங் ஷெட்டின் சாவியைக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து அந்தோணிராஜ் வண்டியைப் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமையைக் கெடுவாக வைத்தார்.

"அவரு புடிச்சுதுன்னு இழுத்துட்டுப் போனா, நீ உன்ற வழில போ கண்ணு. இல்லீன்னா திங்கக்கெழம காத்தால டேபிளுக்கு வந்துரோணும். மூங்கலைக் கேன்டீன் அடுப்புக்குக் குடுத்துரலாம்."

கேன்டீன் மாஸ்டர் அன்றைக்கே வந்து, மூங்கில் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முருகேஷ் அசரவில்லை. கேரளாவிலிருந்து நல்ல கனத்த சுவர் உள்ள மூங்கில் இறக்கினான். வண்டு துளைக்காமலிருக்க மூங்கிலைப் போராக்ஸ் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும் என்று செல்போனில் யாரோ ஒருவர் மலையாளத்தில் விளக்கினார். ஷெட்டின் பின்னால் பழைய சாயத்தொட்டி ஒன்று சும்மா கிடந்தது. மூங்கிலை அளந்து வெட்டித் தொட்டியில் போட்டான். தண்ணீரில் முங்கி வெயிலில் காய்கிற எதுவும் சுருங்கும் என்பது திருப்பூர்க்காரன் ரத்தத்தில் ஊறியது. ஆகவே முருகேஷின் கை, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒவ்வொரு மூங்கிலையும் நூற்றுக்கு ஐந்து கூடுதலாக விட்டு வெட்டியிருந்தது.

மூங்கில் ஊறியது. காய்ந்தது. மஞ்சளித்தது. நீளத்தில் ஒரு நூல்கூடக் குறையவில்லை.

அதை அவன் அப்போது கவனிக்கவில்லை. கட்டுவதில் மும்முரமாக இருந்தான். நாலு போல்ட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி கீழே சக்கரச் சட்டம், மேலே மூங்கில் கூடு, ஜன்னலுக்கு ஷேடு மாறி ரிஜெக்ட் ஆன மஞ்சள் பனியன் துணி. மனைவி வினிதா கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். சாயங்காலம் வந்து, கீறல் கண்ட இடத்திலும் கட்டு தளர்ந்த இடத்திலும், பனியனில் ஓட்டைக்கு ஒட்டுவதுபோலவே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவாள். கீறலை அவன் சரிசெய்தான், ஸ்டிக்கரை உரிக்கவில்லை. வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு காலை வண்டியைக் கேட்டு வரைக்கும் தள்ளி வந்தார்கள். அதற்கு மேல் அது வரவில்லை. வினிதா டேப்பை எடுத்தாள். கேட்டு ஆறடி. வண்டி அதைவிட ஒன்றரை அங்குலம் அதிகம். டேப்பைச் சுருட்டியபடி அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூங்கலுக்குப் போயி ஷ்ரிங்கேஜ் உட்டீங்களா?"

முருகேஷ் வானத்தைப் பார்த்தான். மழை வருகிற மாதிரி இல்லை.

கேட்டை இடிக்கலாம் என்றால், அது சாதாரணக் கேட்டு இல்லை. ஒரு காலத்தில் ஏழடி இருந்தது. செல்வம் அந்த வழியாக வெளியே போகிறது என்று வாஸ்துக்காரர் சொன்னதால் செங்கோட்டையன் ஒரு அடி குறைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு செல்வம் உள்ளே வரவும் சிரமப்பட்டு, ஷெட் மூடப்பட்டது. ஆனாலும் அந்தத் தூணில் ஆணி அடிக்கக்கூட அவர் யாரையும் விட்டதில்லை.

இந்த நேரம் பார்த்து அந்தோணிராஜ் வந்துவிட்டார். தெருவை அடைத்துக்கொண்டு கம்பெனி வேன் ஒன்று நின்றதால் காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்று, இந்தப்பக்கம் நின்ற வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாக்க லட்சணமாத்தான் இருக்கு தம்பி, கூண்டுக்குள்ள நிக்கிற மிருகம் மாதிரி. ஆனா எனக்கு ரோட்டுல ஓடுற வண்டில்லா வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முருகேஷுக்குத் திங்கட்கிழமையின் கட்டிங் டேபிள் கண்ணில் தெரிந்தது. காதில் கத்தி மிஷின் ஓடியது. ஸ்பேனரை எடுத்தான். எதிரே பிரிண்டிங் யூனிட்டில் ராத்திரி ஷிப்டு முடித்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டான். நாலு போல்ட்டையும் கழற்றினான். கூட்டைக் கையால் தூக்கி, நெஞ்சு உயரக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே வெளியில் இறக்குவதுதான் திட்டம்.

எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள். கடித்த பல் வீணாய்ப் போனது. கூடு துள்ளிக்கொண்டு மேலே வந்தது. பீகாரிலிருந்து வந்த ஆள் "ஹல்கா ஹை", லேசாக இருக்கிறதே என்று இந்தியில் சொல்லி, பாதியைக் கீழேயே விட்டுவிட்டோமோ என்று குனிந்து பார்த்தான். சுவரின் அந்தப்பக்கம் ஒரு மூலையைத் தாங்க ஆளில்லை. யோசிக்காமல் அந்தோணிராஜ் தோளைக் கொடுத்துவிட்டார்.

கார் தெருக்கோடியில் இருந்ததால் அங்கே வரைக்கும் சுமந்தேதான் போக வேண்டியிருந்தது. வினிதா வெறும் சக்கரச் சட்டத்தைக் கேட்டு வழியாகத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள்.

முதல் வீட்டு வாசலில் பழனாயிப் பாட்டி நின்றிருந்தார். மூங்கில், மஞ்சள் திரை, சிவப்புச் சிவப்பாகப் பொட்டு, ஆட்களின் தோள். அவருக்கு அதுவே போதும். குடத்தோடு வந்து, தூக்கியிருந்தவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார். அடுத்த வீட்டில் தேங்காய் உடைந்தது. அதற்கடுத்த வீட்டில் கற்பூரம். யாரோ "அரோகரா" என்றார்கள். தமிழில் அந்த ஒன்று நன்றாகத் தெரிந்திருந்த பீகார்க்காரன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான். உள்ளே மெத்தைதான் இருக்கிறது என்று சொல்ல முருகேஷ் வாயைத் திறந்தான். கற்பூரப் புகை உள்ளே போனதுதான் மிச்சம்.

வாசலுக்கு வாசல் நின்றுதான் போக முடிந்தது. அத்தனை நேரமும் கூடு அந்தோணிராஜ் தோளில் இருந்தது. பாதித் தெருவில் அவர் தலையைத் திருப்பினார்.

"எங்க ஊரு மாதா சப்பரத்தத் தூக்குனா ஒரு வாரத்துக்கு இந்தத் தோளு சொன்ன பேச்சு கேக்காது. இது தலகாணியத் தூக்குன மாதிரில்லா இருக்கு!"

எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, கெடு முடிந்ததைப் பார்க்க நெற்றி நிறைய விபூதியோடு வந்த செங்கோட்டையன், கூட்டத்தைக் கண்டதும் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். மனதுருகிக் கும்பிட்டதால் கொஞ்சம் நேரமானது. கண்ணைத் திறந்தபோது சாமிக்குக் கீழே மருமகன் நின்றுகொண்டிருந்தான்.

தூக்கிய கையை இறக்க அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

கூட்டைச் சட்டத்தில் வைத்துப் போல்ட் முடுக்கிக் காரில் மாட்டினார்கள். அந்தோணிராஜ் கிளப்பிக்கொண்டுபோய், மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பி வந்தார். வண்டி இன்னும் பின்னால் இருக்கிறதா என்று இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்ததாகச் சொன்னார். உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்து, காலை நீட்டினால் இடிக்கவில்லை, இதே மாதிரி இன்னொன்று வேண்டும், அளவை மட்டும் குறைத்துவிடாதே என்றார். அப்படியே இழுத்துக்கொண்டும் போய்விட்டார்.

தெரு காலியானது. செங்கோட்டையன் செருப்பைத் தேடிப் போட்டார்.  தெருவே பார்க்கக் கும்பிட்ட மூங்கிலில் மிச்சத்தைக்கூட இனிக் கேன்டீன் அடுப்பில் வைக்கச் சொல்ல அவரால் முடியாது. அது முருகேஷுக்கும் தெரியும்.

"திங்கக்கெழம..." என்று ஆரம்பித்தார்.

முருகேஷ் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தினான்.

"திங்கக்கெழம கொத்தனாரை வரச்சொல்லு. கேட்டுத் தூணை ஒரு அடி தள்ளிக் கட்டட்டும். வாஸ்துக்காரருகிட்ட நான் பேசிக்கறேன்."

வினிதா பையைத் துழாவி, மிச்சமிருந்த சிவப்பு அம்பு ஒன்றை எடுத்துக் கேட்டுத் தூணில் ஒட்டினாள்.