வால்வுப் பெட்டியின் பின்பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவர் காது. மோட்டார் அறையில் அரை நிமிஷம் நின்றாலே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். இன்னொன்று, ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய வால்வு வைத்த சிடி பிளேயர். பெட்டியின் தலைமேல், பழைய ரேடியோக்களில் இருந்ததுபோல, இரண்டு கண்ணாடி வால்வுகள் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். "சாதா பிளேயர்ல பாடகி எங்கேயோ நின்னு பாடுவா. இதுல பக்கத்துல வந்து உக்காந்து பாடுவா" என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்துவைத்துச் சொல்வார். வால்வு சூடேற இருபது நிமிஷம் ஆகும். அதுவரை யாரும் பாட்டுப் போடக்கூடாது, ஃபேனும் ஓடக்கூடாது. பெட்டிக்குச் சூடேறுவதற்குள் அவர் மனைவிக்குச் சூடேறிவிடும்.

போன மாதம் ஒரு பேரிங் அவரை ஏமாற்றிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டு வந்த மோட்டார் இரண்டே நாளில் நின்றுபோனது. அன்றிலிருந்து மனிதர் சரியாகப் பேசுவதில்லை. பாட்டுப் போட்டாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார். "காது போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனபின் மனைவி பெட்டியை நகர்த்தித் தூசி தட்டினாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள், பொடி எழுத்து அவள் கண்ணுக்குத் தப்பாது. பெட்டியின் பின்னால் வயர் செருக இரண்டு ஜோடி ஓட்டைகள் இருந்தன. ஒரு ஜோடிக்கு மேல் வால்வு என்று போட்டிருந்தது, இன்னொன்றுக்கு மேல் சாதா என்று. வயர் சாதாவில் இருந்தது. ஆறு வருஷமாக வால்வு சும்மா எரிந்திருக்கிறது, பாட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை!

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பகீர் என்றது. இப்போதிருக்கிற நிலையில் இதையும் சொன்னால் மனிதர் நொறுங்கிப்போவார். கடையில் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாளே தவிர, எதை மாற்றினேன் என்று சொல்லமாட்டாள். அதே போல வயரைப் பிடுங்கி வால்வு ஜோடியில் செருகினாள். கண்டுபிடித்துவிட்டால் காது இருக்கிறது. கண்டுபிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயந்தரம் அவளே பெட்டியைப் போட்டாள், அவளே ஃபேனை நிறுத்தினாள்.

"என்ன, இன்னிக்கு உபசாரம் பலமா இருக்கு?"

"சும்மா கேளுங்களேன்."

முதல் பாட்டு முடிந்தது. அவர் அசையவில்லை. அவள் ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் நிமிர்ந்தார்.

"இரு. வயலின் இப்படி இருக்காதே. கூர் குறைஞ்சு வழவழன்னு வருது. குரல்ல சதை போட்டிருக்கு. பெட்டியில கை வச்சியா?"

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்தார். ஓட்டைகளுக்கு மேலிருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

"இத்தனை நாளா சாதாவுலயா இருந்துச்சு?"

"ஆமாங்க."

"நீ எப்ப மாத்தின?"

"காலைல."

அசடு வழிய நிமிர்ந்தவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டாவது பாட்டுலயே பிடிச்சுட்டேன் பாத்தியா!"

ஆறு வருஷம் கோட்டை விட்டவர் பேசுகிற பேச்சா இது? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதற்குள் அவர் அலமாரியைத் திறந்து சிடிகளை வாரி வாரித் தரையில் அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"எதையுமே நான் இன்னும் கேக்கலையே! எல்லாத்தையும் முதல்லேருந்து கேக்கணும்."

"இருநூறுக்கு மேல இருக்கு!"

"இருக்கட்டும். நீ வந்து உக்காரு."

ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த அதட்டல் அது. துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள்.