துடைக்கும் வரி

மருத்துவப் பரிசோதனைக் கூடங்களின் தலைமை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பொட்டலம். கிளைகளில் உள்ள யூனிக்ஸில் ஓடும் கணினிகளுக்கு வேண்டிய மென்பொருளைப் பேக்கேஜாகப் பொட்டலம் கட்டி சர்வரில் வைப்பது அவள் வேலை. கணினிகள் மணிக்கொரு தடவை தாமாகவே சர்வரை எட்டிப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

அன்று புதிய பேக்கேஜை வைத்துவிட்டு, அதை நிறுவும்போது ஓடும்படி தான் எழுதிய கட்டளைகளைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தாள். நடுவில் ஒரு வரி, பரிசோதனை முடிவுகள் இருக்கும் கோப்புறையை முழுக்கத் துடைக்கச் சொன்னது. தன் மேசைக் கணினியில் சோதித்தபோது, ஒவ்வொரு முறையும் துப்புரவாக ஆரம்பிக்கலாமே என்று அவளே சொருகிய வரிதான். எடுக்க மறந்துவிட்டாள், மகராசி.

கிளைகளில் அந்தக் கோப்புறை காலி இல்லை. தலைமையகத்துக்கு இன்னும் அனுப்பாத இரத்த முடிவுகள் அதில்தான் கிடந்தன, பச்சைக் குழந்தைகளுடையவை உட்பட. அழிந்தால் அழிந்ததுதான். பேக்கேஜை சர்வரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். ஆனால் கணினிகள் எட்டிப் பார்க்கும் நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தது. உடனே, ஒரு கிளையில் இரத்தம் எடுக்கும் நாத்தனாரைப் போனில் அழைத்தாள்.

"காலைல வந்த ரிசல்ட் எல்லாம் இருக்கா பாரு. சீக்கிரம்!"

"இருக்கே அண்ணி. ஏன், பேய் அடிச்ச மாதிரி பேசறீங்க?"

"நல்லாப் பாத்தியா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உங்க வீட்டுக்காரருக்குத்தான் கண்ணாடி."

நம்ப முடியாமல் ஒவ்வொரு கிளைக் கணினிக்குள்ளும் நுழைந்து பார்த்தாள். ஒரு முடிவுகூட அழியவில்லை. எல்லாக் கணினியும் ஒரே பதிலைத்தான் எழுதி வைத்திருந்தது: இந்தப் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று கணினிக்கு அக்கறை கிடையாது, பதிப்பு எண்ணைத்தான் பார்க்கும். புதிதாகக் கட்டினால் எண்ணைக் கூட்ட வேண்டும்; அப்போதுதான் புதியது என்று எடுத்துக்கொள்ளும். அவளோ தன் கணினியை மட்டும், எண் எதுவானாலும் போட்டுக்கொள் என்று அதட்டி அதட்டியே சோதித்திருந்தாள். எண்ணைக் கூட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கூட்ட மறந்தவர்களை அலுவலகத்தில் அவள் வறுத்தெடுக்காத நாளில்லை.

அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. நாத்தனாரிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"ரெண்டு தப்புப் பண்ணிட்டு தப்பிச்சிருக்கீங்க! ஒண்ணு பண்ணிட்டே எங்க அண்ணன் மாட்டிக்கிட்டாரு, உங்களைக் கட்டி," என்று நாத்தனார் சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது.

"காலைல ஒரு பாப்பாவுக்குக் குதிகால்ல குத்தினேன் அண்ணி. அது வீல்னு கத்துச்சு, அதைவிட அதோட அம்மா அழுதா. ரிசல்ட் நார்மல்னு இப்பத்தான் சொன்னேன். ரெண்டு பேரும் இங்கேயே பெஞ்சுல தூங்கிட்டு இருக்காங்க. ரிசல்ட் அழிஞ்சிருந்தா, மறுபடி குத்தணும்னு நானில்ல போய் எழுப்பியிருக்கணும்!"

"எழுப்பாதே," என்றாள் பொட்டலம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தூங்கட்டும்."