தாமதத்துக்கு வருந்துகிறோம்

பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் மைக் அக்கா 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று சொல்லி முடித்ததும், காத்திருந்த பயணிகள் எல்லாரும் அவருடைய செத்துப்போன அண்ணனை நினைத்து அழுதார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த அண்ணனைத் தெரியாது. முதல் நாள் அழுதவர்களில் சோப்பு கம்பெனி விற்பனையாளர் ஒருவர், கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், நடைமேடையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், எதற்கும் கலங்காதவர் என்று பேரெடுத்த டைம் கீப்பர் எல்லாரும் அடக்கம். என்ன ஆச்சு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோது, எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற ஒரு மனிதர் போய்விட்டார், அவர் விரலில் எப்போதும் வார்னிஷ் வாசனை அடிக்கும், கோபம் வந்தால் சண்டை போடாமல் ஃபேனைத் துடைப்பார் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். யார் அவர் என்று கேட்டால் முழித்தார்கள். அழுகை நின்றதும் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள்.

இதெல்லாம் கடைசியாகத் தெரிந்தது மைக் அக்காவுக்குத்தான். அவர் உட்காரும் கண்ணாடி அறைக்குள் ஒலிபெருக்கிச் சத்தம் வராது. வந்தால் மைக் கீச்சிடும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அவர் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டபடியே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, வீட்டில் அண்ணி விழுந்து புரண்டு அழுதார், சொந்தக்காரர்கள் அழுதார்கள், பக்கத்துக் கடை டெய்லர்கூட அழுதார். மைக் அக்காவுக்குப் பசித்தது. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். படுத்ததும் தூக்கம் வந்தது. மறுநாள் ஆணியில் தொங்கிய அண்ணனின் சட்டையைப் பார்த்தார், காலர் அழுக்காக இருக்கிறது, ஊறவைக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். அண்ணி எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தட்டை வைப்பார், தண்ணீர் வைப்பார், உள்ளே போய்விடுவார். தன்னைத் தூக்கி வளர்த்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் ஏன் வரவில்லை என்று மைக் அக்காவுக்கே விளங்கவில்லை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கோணி அழுது பார்த்தார், தும்மல்தான் வந்தது. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார்.

நிலைய மேலாளருக்கு வேறு கவலை. அழுகிற பயணிகள் வண்டியைத் தவறவிட்டார்கள். வேறு ஆளை மைக்கில் உட்காரவைத்தால் ஊர்ப்பெயர்கள் குழறின, பயணிகள் தப்பு வண்டியில் ஏறினார்கள். ஆகவே ஆளை விட்டுவிட்டுச் சொல்லை மாற்றச் சொன்னார். ஒரு நாள் 'கவலை' என்ற சொல்லைப் போட்டார்கள்; நடைமேடை முழுக்க எல்லாரும் பையைத் திறந்து பார்த்தார்கள், கேஸை மூடினாயா என்று வீட்டுக்கு போன் செய்தார்கள். 'சங்கடம்' என்று சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார்கள். 'சோகம்' பலருக்குப் பிடித்திருந்தது. டீயை வாங்கி வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள், சில பேர் முணுமுணுப்பாகப் பாடவும் செய்தார்கள், அன்றைக்கு டீக்கடையில் நல்ல வியாபாரம். 'துயரம்' என்றதும் எல்லாரும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் பேசியதில்லை, செய்தியில்தான் கேட்டிருக்கிறார்கள், ஆகையால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 'வேதனை' சொன்ன அன்று இரண்டு பேர் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எந்தச் சொல்லானாலும் உள்ளே இருந்தது அதே அண்ணன்தான். மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "எதையாவது சொல்லித் தொலைங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

மைக் அக்காவுக்கு மிச்சமிருந்தது ஒரு சொல்தான். மறுநாள் மத்தியானம், 'தாமதத்துக்குத் துக்கப்படுகிறோம்' என்றார். யாரும் அழவில்லை. துக்கத்துக்கு ஒரு வீடு வேண்டும், போய் உட்கார. பயணிகள் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு, வழி யாரையும் கேட்காமல், நிலையத்தை விட்டு வெளியே நடந்தார்கள். துணிக்கடைத் தெருவைத் தாண்டி, சந்தில் திரும்பி, அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீங்களெல்லாம் யார் என்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. தெரியாத மனிதர்கள் தன் புருஷனைப் பற்றி நெருங்கிய சொந்தம் மாதிரி பேசினார்கள். பாட்டு பாடத் தெரியாது, ஆனால் விடமாட்டார் என்றாள் ஒருத்தி. தங்கச்சிக்கு ஜுரம் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார் என்றார் ஒரு கண்டக்டர். புருஷனோடு சண்டை போட்டு அவள் பெட்டியோடு வந்து நின்றபோது, எதுவும் கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார் என்றான் கல்லூரிப் பையன் ஒருவன், சொல்லிவிட்டு இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று குழம்பிப்போய் உட்கார்ந்தான். பெட்டி வந்த அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் செத்துவிட்டார், ஒருவர் அண்ணி, மிச்சம் மைக் அக்கா. இவர்கள் சுமந்து வந்திருப்பது யாருடைய துக்கம் என்று அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி கண்ணாடி அறைக்கு வந்தார். அதற்கு முன்பு அவர் அங்கே வந்ததே இல்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மத்தியானத்துக்குப் பிறகு வந்த ஜனங்கள் வெளியே ஒரு வண்டிக்காகக் காத்துக்கிடந்தார்கள்.

"அது எப்ப வரும்?" என்று கேட்டார் அண்ணி.

அவர் பேசியதையே மைக் அக்காவால் நம்பமுடியவில்லை. "தாமதம், அண்ணி."

"தாமதம்னா?"

"பிரேக் டவுன். டிப்போவிலேயே நிக்குது. வராது."

"அப்ப வராதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

மைக் அக்கா அந்த நிலையத்து வழக்கத்தை விளக்கினார். வராது என்று சொன்னால் கூட்டம் டிக்கெட் கவுண்டரை உடைத்துவிடும். ஆகவே எந்த வண்டியையும் வராது என்று சொல்வதில்லை. தாமதம், தாமதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் தாங்களாகவே புரிந்துகொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவார்கள். இத்தனை வருஷ சர்வீசில் 'வராது' என்ற வார்த்தையை மைக்கில் தான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க அண்ணன் சட்டையைத் துவைச்சு மடிச்சு எதுக்கு வெளியவே வச்சிருக்கே?"

"வந்தா போட்டுக்க" என்று மைக் அக்கா சொன்னார். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அண்ணி கையை நீட்டி மைக்கைத் தள்ளி அவர் முன்னால் வைத்தார். "சொல்லும்மா. ஊருக்குச் சொல்றியோ இல்லையோ, நீ கேட்டுக்கோ."

மைக் அக்கா பொத்தானை அழுத்தினார். வருந்துகிறோம் என்றோ வேறு எதுவுமோ சேர்க்காமல், அந்த வண்டி வராது என்றார். இன்னொரு தடவை, இனிமேல் வராது என்றார். வெளியே யாரும் கவுண்டரை உடைக்கவில்லை. அப்பாடா, இதை வந்தவுடனேயே சொல்லியிருக்கலாமே என்று அலுத்துக்கொண்டு பையைத் தூக்கினார்கள். யார் கண்ணிலும் ஈரம் இல்லை. கண்ணாடி அறைக்குள் மைக் அக்கா அண்ணியின் மடியில் விழுந்து, அண்ணா, அண்ணா என்று கத்தி அழுதார். பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டதால் அது நிலையம் முழுக்கக் கேட்டது. கேட்டவர்களுக்கு அது வேறு யாரோ ஒரு பெண்ணின் அழுகையாக மட்டுமே இருந்தது. பாவம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் 'வருந்துகிறோம்' என்றால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை, மற்ற எல்லா நிலையங்களையும் போலத்தான். மைக் அக்காவுக்குத்தான் கண்ட நேரத்தில் அழுகை வந்தது. வந்தால் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆனால் ஏற்கெனவே துக்கம் வாங்கிப்போனவர்களிடம் அது அப்படியே தங்கிவிட்டது. அந்தப் பக்கம் வேலையாக வந்தால் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோப்பு விற்பனையாளர் வந்தார். பேச்சோடு பேச்சாக, தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் அண்ணன் ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு அடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தங்கச்சி ஊர்ப்பெயர்களைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார் என்றார். மைக் அக்காவுக்கு அது தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. விற்பனையாளர் கொண்டுபோன துக்கத்தில் அவர்கள் இருவருக்குமே தெரியாத ஒன்று எப்படி வந்தது என்று மூன்று பேரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒன்றும் புரியவில்லை. பிறகு மைக் அக்கா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "நின்னு கேட்டப்ப சிரிப்பாரா?" என்று கேட்டார்.