தாமரை வீட்டு நந்தியாவட்டை

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பை இடிக்க வந்தபோது, மற்றவர்கள் கட்டிலையும் பீரோவையும் லோரியில் ஏற்றினார்கள். சீதாலெட்சுமி மட்டும் அப்பா நட்ட அடுக்கு நந்தியாவட்டையில் ஒரு கிளையை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கிள்ளானில் அவள் குடிபோன வீட்டில் அது வேர் பிடித்தது. பிறகு தம்பி முகுந்தன் செமினியில் வீடு வாங்கியபோது, அவன் மனைவி தாமரைக்கு அதிலிருந்து ஒரு குச்சி கொடுத்தாள்.

கொடுத்திருக்க வேண்டாம்.

செமினியில் மூலை வீடு, நாள் முழுக்க வெயில். செடி மதிலைத் தாண்டிப் பூத்துக் கொட்டியது. கிள்ளானில் காருக்குப் போட்ட கூரையின் நிழலில், சீதாவின் செடி வெறும் இலையாக நின்றது.

முகுந்தன் மகனின் பிறந்தநாளில் யாரோ கேட்டார்கள்: "இந்தச் செடி எங்க வாங்குன தாமரை?"

"சுங்கை பூலோ நர்சரிலதான் ஆன்டி," என்றாள் தாமரை, மீகூன் பரிமாறிக்கொண்டே.

சீதா பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கீழே வைத்தாள்.

"வாய் கூசாம சொல்றா," என்றாள் காரில். "எங்கப்பா செடி. அண்ணி கொடுத்ததுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"பூக்குற வீட்டுலதான் கேப்பாங்க," என்றார் கணவர் ரெங்கசாமி. "நம்ம செடிய யாரு கேக்கப் போறா?"

மறுநாளே உரம் வாங்கினாள். ஒரு கைப்பிடி போதும் என்று பையில் போட்டிருந்தது. மொட்டு வரவில்லை, மறுபடி போட்டாள். இலை ஓரம் கருகியது. தாமரை வாட்சாப்பில் சாமிப் படத்துக்குச் சூட்டிய பூச்சரத்தை அனுப்பிய காலையில், மிச்சப் பையையும் கொட்டினாள். செடி பட்டுப்போனது.

அப்பாவின் செடி இப்போது செமினியில் மட்டும்தான் இருந்தது.

தீபாவளிக்குப் போனவள், தாமரையைத் தனியே கூப்பிட்டு மெதுவாக ஒரு குச்சி கேட்டாள்.

"இதுக்கு எதுக்கு அண்ணி தயங்குறீங்க?" தாமரை கத்தரிக்கோலை எடுத்தபடி கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி கொடுத்த செடிதான் இது. அவங்க வீட்டுல பட்டுப்போச்சாம், பாவம். வச்சுக்கத் தெரியல."

இத்தனை நாள் கேட்க நினைத்த வார்த்தை. சீதா குச்சியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

இந்த முறை வாசல் கேட்டோரம், வெயிலில் நட்டாள். உரத்தைத் தொடவில்லை. செடி தழைத்து, ஒரு நாள் கிளை கொள்ளாமல் பூத்தது.

எதிர்வீட்டுப் புனிதா நின்று பார்த்தாள். "அழகா இருக்கு அக்கா. யாரு கொடுத்தா?"

"யாரு கொடுப்பா?" சீதா பூவைக் கூடையில் போட்டாள். "நர்சரில வாங்குனேன் லா."