நாலு மாசப் பதிவு

மூன்றாவது தடவையும் அது எழுந்த வேகத்தில் விழுந்துவிட்டது. ஹால் மேசைக்கடியில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். பிராக்ஸி சர்வர் என்கிறார்கள். மருமகளின் ஆபீஸ் வேலை நேராகப் போகாதாம், இது நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தால்தான் போகுமாம். மகன் வெளியூர் வேலைக்குப் போகுமுன் செய்து வைத்தது. ரெண்டு நாளாக ஓடவில்லை. இன்று பத்து மணிக்குள் வந்து உட்காராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டாராம். மணி ஒன்பதே முக்கால்.

“எதையாவது அமுக்கித் தொலைச்சிருப்பே,” என்றேன்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, மகன் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே வேறு ஏதாவது ஓடிக்கொண்டு வழியை மறிக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். இல்லை. ஒயரைக் கழற்றி மாட்டச் சொன்னான். அதிலும் ஒன்றுமில்லை. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மில் கேட்டில் நின்று, வேலை முடிந்து போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்பியவன். முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு நினைப்பு.

கடைசியில் பிடித்தார்கள். டிஸ்க் ரொம்பி வழிகிறது, சர்வர் தன் குறிப்பை எழுத இடமில்லாமல் விழுகிறது. எது அவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று மகன் கேட்டான். அவள் ஒன்றைத் திறந்தாள்.

எங்கள் ஹால். பீரோ. அதற்கு முன்னால் உட்கார்ந்து துணி மடிக்கிற அவள்.

நான் வைத்த கேமரா எடுத்தது. பெண்டாட்டி போன பிறகு அவளுடைய நகையெல்லாம் பீரோவில்தான். மருமகள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளில் கடைக்காரனைக் கூப்பிட்டு, திரைச்சீலைக் கம்பிக்குப் பின்னால் கேமரா வைத்தேன். எல்லாம் மேசைக்கடியில் இருக்கிற அந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும் பெரியவரே என்றான். பதிவானதை எப்படிப் பார்ப்பது என்று கேட்கக் கூச்சம். நாலு மாசத்தில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

“என்ன இருக்கு அதுல?” என்றான் மகன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஜன்னலுக்கு மேலே அந்தத் திரைச்சீலைக் கம்பியை.

“பழைய குப்பைங்க. நான் பாத்துக்கறேன்,” என்று போனை வைத்துவிட்டாள்.

கேட்டில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். பேசாமல் நிற்பார்கள். திமிர் என்று நினைத்திருந்தேன்.

“இதை அழிச்சாத்தான் சர்வர் எழும் மாமா.” குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. “உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. வேற எதுலயாவது எடுத்து வெச்சுட்டு அழிக்கறேன்.”

ஏன் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கத்த எனக்குத் தெரியும்.

“அழிச்சிடு,” என்றேன்.

இந்தத் தடவை சர்வர் விழவில்லை. பத்துக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு யாருக்கோ குட் மார்னிங் சொன்னாள். காலியான இடத்தில் அதற்குள் புதிதாக ஒரு பதிவு முளைத்திருந்தது. அதைத் தொட்டுத் திறந்து, திரையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். சின்னக் கட்டத்துக்குள் ஹால் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்திருக்கும் ஒரு முதுகு, அதற்குப் பின்னால் நாற்காலியில் ஒரு கிழவன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.