பெட்டிக்குள் இருந்த ஒரிஜினல்

சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று பாண்டிசெல்வி சொன்னபோதே சுயம்புலிங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூட்டம் என்று கூப்பிட்டு எவனும் இதுவரை அவருக்கு எதையும் கொடுத்ததில்லை. சீட்டுக் கம்பெனிக்காரன் கூட்டம் போட்டான், ஓடிப் போனான். அவர் வேலை பார்த்த மில்லை மூடுவதற்கு முந்தின நாளும் கூட்டம்தான் போட்டார்கள்.

“காலேஜைப் பத்தியாம்ப்பா” என்றாள் மகள்.

“நீ பத்தாப்பே இன்னும் முடிக்கல. அதுக்குள்ள என்னட்டி காலேஜு? எவனாவது ஏஜெண்டு வந்திருப்பான்.”

“ஏஜெண்டு இல்ல. எங்க ஹெப்சிபா டீச்சர்தான் பேசுறாங்க.”

“டீச்சருக்கு எம்புட்டுக் கமிஷனாம்?”

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். தாயில்லாத பிள்ளை. எதற்குச் சண்டை போடுவது, எதற்கு வாயை மூடிக்கொள்வது என்று பதினைந்து வயதிலேயே தெரிந்து வைத்திருந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாட்ச்மேன் அவர். சமையல்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறைதான் அப்பனுக்கும் மகளுக்கும் வீடு. முகூர்த்த நாளில் ஐந்நூறு பேர் வந்து தின்றுவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் அடுக்கி வைத்த நாற்காலிகளும் அவரும்தான். வயது அறுபத்தி நாலு. படித்தது அஞ்சாப்பு.

வாட்ச்மேன் சட்டையோடே கூட்டத்துக்குப் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு, முழங்கால் மேஜையில் இடித்தது. வந்தவர்களில் பாதிப்பேர் பொம்பளைகள். ஹெப்சிபா டீச்சர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பைலும் ரெண்டு பக்கத் தாள் ஒன்றும் கொடுத்தார்.

“பன்னிரண்டாவது முடிச்ச பொறவு பாத்துக்கிடலாம்னு இருந்துராதீங்க” என்றார் டீச்சர். “அடுத்த வருசம் என்ன குரூப் எடுக்கணும், அந்த குரூப்புக்கு எந்தக் காலேஜு, எந்தப் பரீட்சை, அதை இப்பவே உக்காந்து யோசிக்கணும். சாதிச் சான்று, வருமானச் சான்று, எல்லாத்துக்கும் இப்பவே தாளைச் சேத்து வைக்கணும். கடைசி நேரத்துல இ-சேவை மையத்து வாசல்ல நின்னு அழுறவங்களை வருசா வருசம் நான் பாக்கேன்.”

சரியாகத்தான் பேசுகிறாள் என்று தோன்றியது. சரியாகப் பேசுகிறவர்களிடம்தான் சுயம்புலிங்கம் ரொம்ப எச்சரிக்கையாக இருப்பார்.

பிறகு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்றைச் சொன்னார். வீட்டில் இதுவரை யாருமே டிகிரி முடிக்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்குக் காலேஜ் பீஸில் சலுகை உண்டு. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள், இவர்களில் ஒருத்தர் முடித்திருந்தாலும் கிடையாது. ஒவ்வொரு பெஞ்சாக வந்து விசாரித்தார்.

“உங்க வீட்டுல ஐயா?”

“நான் அஞ்சாப்பு. இவ ஆத்தா கைநாட்டு. போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒத்தப் பிள்ளை.”

டீச்சர் குறித்துக்கொண்டு, “அப்ப செல்விக்குக் கண்டிப்பாக் கிடைக்கும். தாளை நிரப்பி அடுத்த சனிக்கிழமை கொண்டாங்க” என்றார். சன்னல் ஓரத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்ற பாண்டிசெல்வி அப்பனையே பார்த்தாள்.

வழியெல்லாம் அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். மண்டபத்துக் கேட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாள்.

“அண்ணன் இருக்குல்லாப்பா.”

“எனக்கு இல்ல.”

“எனக்கு இருக்கு. அது இல்லைன்னு எழுதுனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பைலை அவர் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வைகுண்டராஜ் வீட்டைவிட்டுப் போனபோது அவளுக்கு மூன்று வயது. மகன் பன்னிரண்டாவதில் நல்ல மார்க். காலேஜில் இடமும் கிடைத்தது. சேரும்போது ஒரிஜினல் மார்க் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் சுயம்புலிங்கம் முரண்டு பிடித்தார். மில்லில் கூட வேலை பார்த்தவன் மகள் ஒருத்தி, ஏதோ ஒரு காலேஜில் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு, பாதியில் நின்றதும் அதைத் திருப்பி வாங்க ரெண்டு வருசம் அலைந்தாள். அதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஒரிஜினல் அடுத்தவன் கைக்குப் போனால் பிள்ளையே போன மாதிரி என்று நினைத்தார். தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். மகன் கெஞ்சினான், அழுதான், சாப்பிடாமல் கிடந்தான். “ஜெராக்ஸைக் குடுத்துச் சேருலே” என்று ஒரே பேச்சாக நின்றார். சேர்க்கைக்குக் கடைசி நாள் போயிற்று. மறுநாள் காலையில் மகனும் போய்விட்டான்.

அம்மா செத்தபோது வந்தான். சுடுகாட்டில் தள்ளி நின்றான். தகப்பனும் மகனும் ஒரு சொல் பேசவில்லை. பிறகு நாலு வருசத்துக்கு முன்னால், சீனி வாங்கப் போன இடத்தில் ரேஷன் கடைக்காரன், “உங்க கார்டுல மகன் பேரு நீங்கியாச்சு அண்ணாச்சி, அவுக தனிக் கார்டு போட்டுட்டாக. கலியாணம் ஆயிருச்சாமே?” என்றான். மகன் கல்யாணம் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம். வந்தவர்களுக்குச் செருப்பு விடும் இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

டீக்கடை குருசாமியிடம் தாளைக் காட்டினார். பழைய மில் கூட்டாளி. ஊர் வம்பெல்லாம் அவனிடம் இருக்கும்.

“இதுல என்ன வே குழப்பம்? கார்டுலயே அவன் பேரு இல்ல. மக ஒருத்தின்னு எழுதிட்டுப் போம். எவன் வந்து பாக்கப் போறான்?”

“அவன் டிகிரி முடிச்சானா இல்லையா, அதையாவது தெரியுமா உனக்கு?”

“ராஜபாளையத்துல பஞ்சு மார்க்கெட் தாண்டி ஒரு மில்லுல இருக்கான்னு கேள்வி. பெத்த அப்பன் உமக்கே தெரியாதது டீ ஆத்துறவனுக்குத் தெரியுமாக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சுயம்புலிங்கம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த வாரம் முகூர்த்தம் எதுவும் இல்லை. மண்டபம் வெறுமனே கிடந்தது. பாண்டிசெல்வி சோறு வைத்தாள், தண்ணீர் பிடித்தாள், படித்தாள், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. இன்னும் ரெண்டு வருசத்தில் இவளும் எங்காவது ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அண்ணன் படிக்கவில்லை என்றால் தங்கச்சிக்குச் சலுகை. ஆனால் அவன் படிப்பைக் கெடுத்தது யார்? அண்ணன் படித்திருந்தால் சலுகை போச்சு. எது நடந்திருக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டியைத் திறந்தார். மகளின் தாள்களுக்கு அடியில் பாலிதீன் உறையில் மகனின் மார்க் சீட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார். வலது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு வருசத்தில் இந்தத் தூரத்தைத் தாண்ட முடியவில்லை அவருக்கு.

மூணாவது மில்லில்தான் ஆள் அகப்பட்டான். கேட்டில் இருந்த வாட்ச்மேன் இவரை மேலும் கீழும் பார்த்தான். அவர் மண்டபத்தில் ஆட்களைப் பார்க்கிற அதே பார்வை.

“வைகுண்டராஜ் சாரா? டைம் ஆபீஸ்ல இருப்பாரு. நீங்க யாரு?”

‘சார்’ என்றதும் அவர் தன் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார்.

“சுயம்புலிங்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து வாரேன்.”

“பேரு, ஊரு எழுதியாச்சு. அவருக்கு என்ன வேணும் நீங்க? இந்தக் கட்டத்துல எழுதணும்லா.”

சுயம்புலிங்கம் நோட்டைப் பார்த்தார். கட்டம் சின்னதாகத்தான் இருந்தது.

“தெரிஞ்சவர்னு போடும்” என்றார்.

கால் மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு வைகுண்டராஜ் வந்தான். முன்மண்டை வழுக்கை. அப்பனைப் போலவே. சட்டைப் பையில் ரெண்டு பேனா.

“தெரிஞ்சவர்னு சொன்னாங்க” என்றான்.

“ஏலே...” என்று ஆரம்பித்தவர் சட்டைக் கையால் முகத்து வேர்வையைத் துடைத்தார்.

“செல்விக்கு என்னமும் ஆச்சா?”

“அவ நல்லா இருக்கா. ஒரு தாள் நெரப்பணும்.”

எதிரே டீக்கடைக்குக் கூட்டிப் போனான். டீ சொன்னான். சர்க்கரை இல்லாமல் ஒன்று என்று சொன்னான். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து மூன்று வருசம்தான் ஆகிறது. யார் சொன்னார்கள் என்று இவர் கேட்கவில்லை. அவனுடைய போன் மேஜையில் கிடந்து ஒருமுறை மினுங்கியது. திரையில் ஒரு கைக்குழந்தையின் படம். அதையும் இவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. போனைத் திருப்பி வைத்தான்.

தாளை வாங்கிப் படித்தான். படிக்கிற வேகத்திலேயே சுயம்புலிங்கத்துக்கு விசயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

“நீ டிகிரி முடிச்சியா?”

“பி.காம். தபால்லதான் படிச்சேன். மில்லு வேலை பாத்துக்கிட்டே அஞ்சு வருசம் ஆச்சு.”

“மார்க் சீட்டு இல்லாம எப்படிச் சேத்துக்கிட்டான்?”

வைகுண்டராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“போலீஸ் ஸ்டேஷன்ல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தேன். தேடிப் பாத்தோம், கிடைக்கலன்னு அவங்க ஒரு சர்டிபிகேட் குடுத்தாங்க. அதை வச்சு டூப்ளிகேட் வாங்குனேன்.”

சுயம்புலிங்கம் சட்டைக்குள் கையை விட்டு அந்த உறையை எடுத்து மேஜையில் வைத்தார்.

“தொலையலலே. ஒரு மடிப்பு கசங்கல. எலி தொடல. மழையில பெட்டியத் தலையில தூக்கி வச்சிருந்தேன்.”

“எனக்குத் தெரியும். எழுதிக் குடுக்கும்போதே தெரியும் எங்க இருக்குன்னு.”

“பொறவு ஏம்லே வந்து கேக்கல?”

“கேட்டேன்லா” என்றான் மகன். “பதினோரு நாள் கேட்டேன்.”

நாளை எண்ணி வைத்திருக்கிறான். அவர் எண்ணவில்லை.

வைகுண்டராஜ் உறையைத் தொடவில்லை. பேனாவை எடுத்துத் தாளில் அண்ணன் என்ற இடத்தில் தன் பேரை எழுதி, பக்கத்தில் பி.காம். என்று எழுதினான். கீழே போன் நம்பரையும் எழுதினான்.

“அவளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது. வேற ஸ்காலர்ஷிப் இருக்கும், டீச்சர்ட்ட கேக்கச் சொல்லுங்க. என்ன குரூப் எடுக்கப் போறா?”

“தெரியலையே.”

“கேளுங்க. அவளோட தாளெல்லாம் எங்க இருக்கு?”

 அவர் கை இடுப்புச் சாவியைத் தொட்டது. மகன் அதைப் பார்த்தான்.

“அதையாவது அவ கையில குடுத்துருங்க” என்றான். உள்ளே சங்கு ஊதியது. எழுந்தான். “வாரேன்.”

வீட்டுக்கு வாங்க என்று சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான் என்று சுயம்புலிங்கம் நினைத்தார். கேட்டுக்குள் அவன் போகும்போது வாட்ச்மேன் எழுந்து நின்றான். யாருக்கும் வேண்டாத ஒரிஜினலை மறுபடியும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்றைக்குச் சாயங்காலம் சாவியை அவிழ்த்து மகளிடம் கொடுத்தார். “உன் தாளையெல்லாம் எடுத்து அந்தப் பைலுல வையி. ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். இத்தனை வருசம் கட்டியிருந்த இடுப்பு வெறுமையாக இருந்தது. அவள் தாளில் அண்ணன் கையெழுத்தைப் பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டாள். காலியான ஹாலில் அவள் குரல் எதிரொலித்தது. என்ன பேசுகிறாள் என்று விளங்கவில்லை. நடுவில் ஒருதரம் சிரித்தாள். அவர் சமையல்கூடப் படியில் உட்கார்ந்து, தன்னையும் கூப்பிடுவாள் என்று செத்த நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியை மூடினார்.

சனிக்கிழமை அதே கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ஹெப்சிபா டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“போன வாரம் ஒத்தப் பிள்ளைன்னு சொன்னீங்க?”

“போன வாரம் பொய் சொன்னேன்.”

முன்பெஞ்சுப் பொம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். சுயம்புலிங்கம் எழுந்து நின்றார்.

“மகன் ஒருத்தன் இருக்கான் டீச்சர். பி.காம். முடிச்சிருக்கான். நான் தடுத்தும் முடிச்சிருக்கான். இவளுக்கு அந்தச் சலுகை வேண்டாம், அடிச்சிருங்க. வேற ஸ்காலர்ஷிப் இருக்குன்னு சொன்னான்.”

“இருக்கு ஐயா, பாத்துச் சொல்லுதேன்” என்று டீச்சர் ஒரு கோடு போட்டு அடித்தார். “விவரமான அண்ணனா இருக்காரே. எங்க இருக்காரு?”

“ராஜபாளையத்துல.”

“அட, பக்கத்துலதான். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிட்டு வாங்களேன்.”

“பக்கந்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார் சுயம்புலிங்கம்.

டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போனார். சன்னல் ஓரத்தில் பாண்டிசெல்வி பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்கு மண்டபத்தில் பெண் அழைப்பு. கேட்டைத் திறந்துவிட அவர்தான் போக வேண்டும்.