டெல்மர் புல் வெட்டுவார்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பத்துப் பக்க அரசாங்கப் படிவம். ‘விண்ணப்பதாரரை நன்கறிந்த இன்னொருவர் நிரப்ப வேண்டியது’ என்று மேலே அச்சிட்டிருக்கும். அந்த இன்னொருவர், பக்கத்து வீட்டில் இருக்கும் நான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில், டெல்மர் ஸ்லோன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். அவர் மனைவி ட்ரேவா சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுதியவற்றில் கவனமாக வாசிக்கப்பட்டது அது ஒன்றுதான். இரண்டு அதிகாரிகள், ஒரு வக்கீல், ஒரு நீதிபதி. நான்கு பேரும் அடிக்கோடிட்டு வாசித்தார்கள்.

அதைத் திருத்தி எழுதுவதற்காக இதைத் தொடங்குகிறேன். தாமதம்தான்.

2

முதல் தொடக்கம்: ‘டெல்மர் ஸ்லோன் முப்பது வருடம் மண்டியிட்டுச் சம்பாதித்தார்.’ வாக்கியம் நன்றாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.

இரண்டாவது: ‘சாலையிலிருந்து டெல்மர் வீட்டுக்குப் பதினான்கு படிகள். அவற்றை அவர்’

இதை இப்போது முடிக்க முடியாது. பிறகு வருகிறேன்.

மூன்றாவது: டெல்மர் தரைவிரிப்புப் போடுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. விரிப்பைச் சுவரோரம் இழுத்துப் பிடிக்க ஒரு கருவி உண்டு. ஒரு முனையில் பற்கள், மறுமுனையில் சின்ன மெத்தை. மெத்தையை முழங்காலால் உதைக்க வேண்டும். ஓர் அறைக்கு நூறு உதை. [முப்பது வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். அந்த எண்ணை அடித்துவிட்டேன்.] முதலில் வலது முழங்கால் போனது. பிறகு இடது. பிறகு இடுப்பு. வேலை செய்ய முடியாதவர்களுக்கான உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். மறுத்தார்கள். மறுபடி போட்டார். மறுபடி மறுத்தார்கள். அடுத்தது நீதிபதி முன் விசாரணை.

இந்த மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. வீட்டில் என்னென்ன வேலை செய்கிறார்?

‘புல் வெட்டுவார். நாய்க்குச் சாப்பாடு வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்.’

இது என் எழுத்து. பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டம்: ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமாகும்?

“என்ன போடட்டும்?” என்று கேட்டேன்.

“ஆகற நேரம் ஆகும்,” என்றார் டெல்மர்.

மூவரும் சிரித்தோம். கட்டத்தைக் காலியாக விட்டேன்.*

எழுதி முடித்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துப் பக்கத்தையும் வாசித்தார்.

“இது நான்தான், டீச்சர். அழுமூஞ்சியா எழுதாம விட்டீங்க பாருங்க.”

“கொஞ்சம் அழுதாத்தான் என்னவாம்?” என்றாள் ட்ரேவா. “அவங்க என்ன, உனக்குப் பொண்ணு குடுக்கவா படிக்கிறாங்க?”

* இங்குள்ள கல்லூரியில் எழுத்துப் பாடம் நடத்துகிறேன். கென்டக்கியின் இந்த மலைப்பக்கத்துக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. பெயரடைகளை அடி. விளக்கத்தை அடி. வலி என்று எழுதாதே. இதைத்தான் வருடாவருடம் சொல்கிறேன். பத்துப் பக்கப் படிவத்தில் வலி என்ற சொல்லை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை.

4

வக்கீல் வைத்துக்கொள்ள டெல்மர் சம்மதிக்கப் பதினோரு மாதமானது.

“பொய் சொல்றவனுக்குத்தான் வக்கீல் வேணும்.”

“உண்மை சொல்லி ரெண்டு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு,” என்றாள் ட்ரேவா. “இனி பொய் சொல்றவங்க எங்க போறாங்களோ அங்கயும் போய்ப் பாப்போம். ஏறு வண்டியில.”

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான்தான் வண்டி ஓட்டினேன்.

வக்கீல் ஓனா ஹால்கமின் அலுவலகம் முன்பு செருப்புக் கடையாக இருந்த இடம். செருப்பைப் போட்டுப் பார்க்க உட்காரும் தாழ்வான நாற்காலிகளை அவர் மாற்றவில்லை. டெல்மர் உட்காரவில்லை. தரைவிரிப்பைப் பார்த்தார்.

“இத எவன் போட்டான்?”

“நான் வரும்போதே இருந்தது,” என்றார் ஹால்கம்.

“ஒட்டு பிரிஞ்சு கிடக்கு. யாராச்சும் தடுக்கி விழுந்தா உங்க மேலயே கேஸ் போடுவாங்க.”

“இப்ப குனிஞ்சு சரி பண்ண முடியுமா உங்களால?”

“ஏன் முடியாது?”

“பண்ணிட்டு எந்திரிக்க முடியுமா?”

டெல்மர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஹால்கம் படிவத்தை எடுத்து வாசித்தார். நிதானமாகத்தான் வாசித்தார்.

“யார் எழுதினது?”

“நான்,” என்றேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க. புல் வெட்டுவார். எவ்வளவு நேரம்?”

“மூணு நாள்,” என்றாள் ட்ரேவா. “கொஞ்சம் வெட்டுவாரு, நிறுத்தி வச்ச வண்டியில போய் உக்காருவாரு. மறுபடி கொஞ்சம். அதுக்கப்புறம் ரெண்டு நாள் படுக்கை. தம்மாத்துண்டு இடம், டேபிள்துணி அளவு.”

“சர்ச்?”

“பின்னால நின்னுக்கிட்டே இருப்பாரு. உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு. எல்லாரும் பக்தின்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க.”

ஹால்கம் என்னைப் பார்த்தார்.

“இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் எழுதல?”

[இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி பதில் எழுதியிருந்தேன். அடக்கம், மரியாதை என்று இரண்டு சொற்கள் அதில் வந்தன. நீக்கிவிட்டேன். அன்று நான் சொன்னது இதுதான்:]

“கட்டம் சின்னதா இருந்தது.”

ஒப்பந்தத்தை டெல்மர் பக்கம் நகர்த்தினார் ஹால்கம். “ஜெயிச்சாத்தான் எனக்கு ஃபீஸ். தோத்தா ஒண்ணும் வேணாம்.”

“அப்ப என் முட்டிய நம்பி நீங்களும் இறங்கிட்டீங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் டெல்மர். அன்று எல்லோரும் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

வெளியே வரும்போது ஹால்கம் என்னை நிறுத்தினார்.

“வர்ற திங்கக்கிழமைக்குள்ள எல்லாக் காகிதமும் போயிடணும். அதுக்கப்புறம் குடுத்தா வாங்க மாட்டாங்க. புதுசா ஒண்ணு எழுதுங்க, டீச்சர். அசிங்கமா எழுதுங்க. நிமிஷக் கணக்கு போட்டு எழுதுங்க.”

5

நான்கு பக்கம் எழுதினேன். எல்லாம் எழுதினேன். ட்ரேவா அவருக்குச் செருப்பு மாட்டிவிடுவது. நின்றபடியே சாப்பிடுவது. பதினான்கு படிகள்.

அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். அவர் முன்வாசல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“படி... இத எப்பப் பாத்தீங்க?”

“என் ஜன்னல்லேர்ந்து தெரியும்.”

“ஒரு தடவையா?”

“தினமும்.”

காகிதங்களை நான்காக மடித்தார்.

“வேணாம், டீச்சர்.”

“வக்கீலம்மா கேக்கறாங்க.”

“அவங்க கேப்பாங்க. அத ஒரு ஆளு சத்தமா வாசிப்பான். ட்ரேவா பக்கத்துல உக்காந்திருப்பா. வேணாம்.”

திங்கட்கிழமை மதியம் ஹால்கம் போன் செய்தார். பிரதி என் கணினியில் இருந்தது. இன்னும் முடியவில்லை என்று சொன்னேன்.

(அவர் விருப்பத்தை மதித்தேன் என்று இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. மூன்று முறை போட்டு மூன்று முறை எடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் எழுத வேண்டும்.)

6

விசாரணை அறைக்குள் நான் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்தேன். இது ட்ரேவா சொன்னது.

நீதிபதியைக் கடுமையானவராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சளி பிடித்திருந்த, மரியாதை தெரிந்த மனிதர். டெல்மர் அந்த அறையிலும் பிரிந்துகிடந்த ஒரு விரிப்பு ஒட்டைக் கண்டு மண்டியிட்டு அழுத்திவிடுகிறார், எழ முடியாமல் நீதிபதியின் மேசையைப் பிடிக்கிறார் என்று ஒரு காட்சியும் எழுதினேன். அப்படி நடக்கவில்லை. நடந்திருந்தால் ஜெயித்திருப்பார்.

நடந்தது இது.

“எப்படி இருக்கீங்க, மிஸ்டர் ஸ்லோன்?”

“குறை சொல்ல ஒண்ணுமில்லீங்க.”

ஹால்கம் கண்ணை மூடிக்கொண்டாராம். வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று முறை சொல்லியிருந்தார்: எப்படி இருக்கீங்கன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. டெல்மர் அதைச் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் சொல்வதைச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய் செருகிக் கிடப்பவரும் இங்கே அதைத்தான் சொல்வார்.

“பக்கத்து வீட்டுக்காரங்க எழுதியிருக்காங்க, புல் வெட்டுவீங்கன்னு.”

“ஆமாங்க. வெட்டுவேன்.”

ஹால்கம் குறுக்கிட்டார். “எவ்வளவு நேரம் ஆகும், டெல்மர்? ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க.”

டெல்மர் ட்ரேவாவைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார்.

“ஆகற நேரம் ஆகும்.”

நீதிபதி சிரித்தாராம். நல்ல சிரிப்பு, கேலியில்லை என்றாள் ட்ரேவா. தான் மூன்று நாள் கணக்கைச் சொல்ல வாயெடுத்ததாகவும், மேசைக்கடியில் டெல்மர் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியதாகவும் சொன்னாள்.

7

தீர்ப்பு தபாலில் வந்தது. ஒன்பது பக்கம். ஆறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரர் புல் வெட்டுவார், நாய்க்குச் சாப்பாடு வைப்பார், சர்ச்சுக்குப் போவார் எனப் பக்கத்து வீட்டுக்காரர் தெரிவிக்கிறார். இதை நம்பத்தகுந்ததாகக் கருதுகிறேன்.’ நாளுக்கு ஆறு மணி நேரம் நின்று செய்யும் எளிய வேலைகளை அவர் செய்யலாம் என்பது முடிவு.

என் வாக்கியங்களில் ஒரு சொல்லும் மாறவில்லை.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள். இதை எழுதும் இன்றோடு ஐம்பத்திரண்டு போய்விட்டது. அந்த நான்கு பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால் ஒருவேளை மறுபடி பார்ப்பார்கள் என்கிறார் ஹால்கம். “அவரு சரின்னா இப்பவே போடறேன்.” அவர் சரி என்று சொல்லவில்லை. ட்ரேவா பள்ளிச் சமையலறையில் இரண்டாவது வேளை வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள்.

8

முடிவுகள்.

அ. அவருக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். தொகை வருகிறது. ட்ரேவா ஒரு வேளை வேலையை விடுகிறாள். டெல்மர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொள்கிறார்.

ஆ. அவரே வந்து என் கதவைத் தட்டி, அனுப்புங்க என்கிறார். [இதை நம்பி இரண்டு பக்கம் எழுதினேன். என் வாசலுக்கும் படிகள் உண்டு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.]

இ. எட்டு நாளும் போய்விடுகிறது. ஒன்பதாம் நாள் அவர்

விட்டுவிடுகிறேன்.

9

போன வாரம் அவரிடம் கேட்டேன், இதைக் கதையாக எழுதலாமா என்று.

“யாருக்கு?”

“எங்க ஊர்ப்பக்கம் படிக்கிறவங்களுக்கு. எங்க பாஷையில.”

“அது இந்த ஜில்லாவுல யாருக்காச்சும் தெரியுமா?”

“எனக்கு மட்டும்தான்.”



“அப்ப எழுதுங்க. படியையும் எழுதிக்குங்க.” கொஞ்சம் பொறுத்து, “எவ்வளவு நேரம் ஆகுதுன்னும் போடுங்க,” என்றார். நான் கிளம்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். “டீச்சர், என்னை நடுவுல விட்டுட்டுக் கதைய முடிச்சிராதீங்க.”

10

சாலையிலிருந்து டெல்மர் வீட்டுக்குப் பதினான்கு படிகள். அவற்றை அவர் பின்பக்கமாக ஏறுவார். வீட்டுக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்காருவார். இரண்டு கையையும் மேற்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கி அதில் வைப்பார். கால்கள் பின்னால் வரும். இடது காலைக் கையால் எடுத்து வைப்பார். அடுத்த படி. நாய் ஒரு படி மேலே நின்று காத்திருக்கும். ஐந்தாவது படியில் தொப்பியைக் கழற்றுவார். ஒன்பதாவதில் நிற்பார். சாலையில் வண்டி ஏதாவது போனால் கையசைப்பார், வெயில் காய உட்கார்ந்திருப்பவர் போல. வண்டியில் போகிறவர்களும் கையசைப்பார்கள். அதுவரை பன்னிரண்டு நிமிடம். வலிக்கும்.

மீதி ஐந்து படிகளை நான் பார்த்ததில்லை. அவர் கையசைக்கும்போது தலை என் ஜன்னல் பக்கம் திரும்பும். நான் நகர்ந்துவிடுவேன். கம்பிவலைக் கதவு அடிக்கும் சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்ப்பேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். நடுவில் நடப்பது எனக்குத் தெரியாது. நான்கு பக்கக் கடிதத்திலும் அது இல்லை.

இப்போது அவர் ஒன்பதாவது படியில் இருக்கிறார். நான் வழக்கம்போல நகர்ந்துவிட்டேன்.

நீங்கள் இருங்கள். கதவுச் சத்தம் கேட்கும்வரை பாருங்கள். கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.